மூண்டு செக்கனும் ஒரு அல்பமும்

நயன்தாராவின்ர ஆவணப்படத்தை அச்சுவேலி வீட்டில அம்மாவோட இருந்து பாத்தன். 2022 ஜூனில மகாபலிபுரத்தில நடந்த கலியாணம், 2024 நவம்பரிலதான் நெட்ஃபிளிக்ஸில வந்தது. அவா காட்ட விரும்பினதை மட்டும் காட்டுற படம். ஆனாலும் சினிமாவை விடச்சொல்லி ஒராள் கேட்டதை அவா சொல்லேக்க எனக்கு மனசு கனத்தது.

படத்தைவிட வழக்குக்கதைதான் இஞ்ச பெரிசு. 'நானும் ரௌடி தான்' படப்பிடிப்பில எடுத்த மூண்டு செக்கன் காட்சிக்குத் தனுஷ் தரப்பு 10 கோடி கேட்டதெண்டு அவாவே கடிதம் எழுதினவா.

"மூண்டு செக்கனுக்கோ?" எண்டா அம்மா.

1995 இடப்பெயர்வில அம்மாவின்ர கலியாண அல்பம் அலுமாரிக்கையே விடுபட்டுப் போச்சு. திரும்பி வரேக்க அலுமாரியும் இல்லை. ஒரு படம்கூட மிஞ்சேல்லை.

மணவறைக் காட்சியில "நிப்பாட்டு" எண்டா. கிட்டப் போய்ப் பாத்தா.

"என்ர கூறையும் உந்தச் சிவப்புத்தான்."