பாக்கெட்டின் பின்பக்கம்

நாய்க்குட்டிக்குத் தீனி வாங்கப் போன கடையில் ஒரு மணி நேரம் பாக்கெட்டுகளைப் படித்துக்கொண்டு நின்றேன். எங்கள் தெருவில் இந்த வகை உலர் தீனி எல்லாவற்றுக்கும், எந்தக் கம்பெனியுடையதானாலும், பெடிகிரி என்றே பெயர். கடையில் அது இருபது இருபத்தைந்து பெயர்களாகப் பிரிந்து அலமாரி முழுக்க நின்றது. முன்பக்கத்தில் ஓடுகிற நாய், கோழித் துண்டு, காரட், பச்சைப் பட்டாணி. 'இயற்கையானது', 'பிரீமியம்', 'ஹோலிஸ்டிக்' என்ற சொற்கள். பின்பக்கத்தில், கண்ணுக்கருகே கொண்டுபோனால்தான் தெரிகிற எழுத்தில், ஒரு பட்டியலும் நாலைந்து எண்களும். கவிதைத் தொகுதிகளின் பின்னட்டைகளைப் பல வருஷமாகப் படித்துவருகிற எனக்கு அந்த முன்பக்கத்து பாஷை புதிதல்ல. அடைமொழி மலிந்த இடத்தில் சரக்கு இராது என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் நல்ல தீனியும் இதே அடைமொழிகளைத்தான் பூசிக்கொண்டு வருகிறது. எனவே அது அளவுகோலாகாது.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் மணி. எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது வீட்டிலிருந்த நாய். அப்பா அவர் கையாலேயே பிசைந்து வைப்பார்: சாதம், அதில் நீர்மோர், ஞாயிற்றுக்கிழமையானால் ஈரலோ கறியோ. எலும்பு தொண்டையில் குத்திவிடும் என்று ஒன்று விடாமல் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் போடுவார். ஆறு மாதத்தில் மணியின் முன்னங்கால்கள் வெளிப்பக்கமாக வளைந்தன. பிறவிக்கோளாறு என்றார்கள். ஒருநாள் திண்ணையிலிருந்து குதித்ததில் ஒரு கால் முறிந்தது. அதற்குப் பிறகு அது அதிக நாள் இருக்கவில்லை. அரிசியிலும் கறியிலும் பாஸ்பரஸ் உண்டு, கால்சியம் மிகவும் குறைவு. ரத்தத்தில் கால்சியம் குறைகிறபோது உடம்பு அதைத் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. வளர்கிற குட்டிக்கு எலும்பு வளைந்துபோகும், லேசான அடிக்கு முறியும் — இதையெல்லாம் நான் படித்தது மிகப் பின்னால். அப்பா பொறுக்கி எடுத்துப் போட்டது எதை என்று அப்போது தெரிந்தது.

அரிசியைக் குற்றவாளியாக்க நான் இதைச் சொல்லவில்லை. நாய் என்றால் ஓநாய், அதற்கு மாமிசம் தவிர மற்றதெல்லாம் விஷம் என்றொரு வாதம் இப்போது பலமாக நடக்கிறது. 2013இல் 'நேச்சர்' பத்திரிகையில் வந்த ஓர் ஆராய்ச்சி, மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிகளே இருக்க, நாய்களுக்கு நாலிலிருந்து முப்பது வரை இருப்பதைக் காட்டியது. மனிதன் பக்கத்தில் வாழ்ந்த காலம் நாயின் குடலில் எழுதப்பட்டிருக்கிறது. மணிக்குக் கேடு சாதத்தில் இருந்ததால் வரவில்லை, அதில் இல்லாததால் வந்தது.

பாக்கெட்டுக்கு வருகிறேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவற்றில் பெரும்பாலும் அமெரிக்கத் தீவன அதிகாரிகளின் சங்கம் வகுத்த நெறிகளின் நிழல் இருக்கும். அதில் பெயர் வைப்பதற்கு ஓர் இலக்கணம் உண்டு. வெறுமனே 'நாய்களுக்கான கோழி' என்றால், சேர்க்கிற தண்ணீர் நீங்கலாக 95 சதம் கோழி இருக்கவேண்டும். 'கோழி டின்னர்', 'கோழி ஃபார்முலா' என்று ஒரு வால் சேர்ந்தால் 25 சதம் போதும். 'கோழியுடன்' என்றால் 3 சதம். 'கோழிச் சுவை' என்றால் சதவிகிதமே கிடையாது, சுவை தெரிந்தால் சரி. ஒரு மூன்றாம் வேற்றுமை உருபுக்கு இவ்வளவு விலை இருக்கும் என்று எந்தத் தமிழாசிரியரும் எனக்குச் சொன்னதில்லை.

சேர்மானப் பட்டியலுக்கும் இப்படி ஒரு தந்திரம் உண்டு. சேர்க்கும்போது இருந்த எடையின் வரிசைப்படி, ஈரத்தோடு சேர்த்து, பட்டியல் போடுவார்கள். பச்சைக் கோழிக்கறியில் பத்தில் ஏழு பங்கு தண்ணீர். இயந்திரத்தில் வெந்து உலர்ந்த பிறகு முதலிடத்தில் இருந்த கோழி எத்தனையாவது இடத்துக்குப் போயிருக்கும் என்று பட்டியல் சொல்லாது. முகம் சுளிக்க வைக்கிற 'கோழி மாவு' ஏற்கெனவே உலர்ந்தது. எடைக்கு எடை அதில்தான் புரதம் கூடுதல். அழகான சொல்லில் தண்ணீரும் அசிங்கமான சொல்லில் சரக்கும் இருக்கிறது. போதாததற்கு, ஒரே சோளத்தைச் சோளம், சோள மாவு, சோளப் பசை என்று மூன்றாகப் பிரித்து எழுதிக் கீழே இறக்கிவிடுவதும் உண்டு.

மாவுச்சத்து எவ்வளவு என்பது பெரும்பாலும் அச்சிடப்படுவதில்லை. கழித்துப் பார்க்கவேண்டியதுதான். நான் கையில் வைத்திருந்த பாக்கெட்டில் புரதம் 24, கொழுப்பு 10, நார் 4, ஈரம் 10. சாம்பலுக்கு ஒரு 8 வைத்தால் மிச்சம் 44. முன்பக்கத்துக் கோழிக்குப் பின்னால் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மாவு. (இதில் மோசடி ஒன்றுமில்லை. மாவு இல்லாமல் அந்த உருண்டை உப்பாது, ஒட்டிக்கொண்டு நிற்காது.)

எண்களையாவது நம்பலாமா? அந்த 24 சதம் புரதம் என்பது புரதத்தை அளந்து வந்ததல்ல. டென்மார்க்குக்காரர் கெல்டால் 1883இல் வகுத்த முறையில் நைட்ரஜனை அளந்து, 6.25ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுவது வழக்கம். செருப்புத் தோலிலும் நைட்ரஜன் உண்டு. 2007 மார்ச்சில் அமெரிக்காவிலும் கனடாவிலும் நாய் பூனை உணவுகள் அடுக்கடுக்காகத் திரும்பப் பெறப்பட்டன. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் பசையில் மெலமைன் கலந்திருந்தது. பிளாஸ்டிக் தட்டு செய்கிற சமாச்சாரம். அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். ஒரு கிராம் சேர்த்தால் பரிசோதனையில் நாலு கிராம் புரதமாகக் கணக்கேறும். கூடவே இருந்த சயனூரிக் அமிலத்தோடு சேர்ந்து அது சிறுநீரகத்தில் படிகமாக உறைய, நாய்களும் பூனைகளும் செத்தன. அடுத்த வருஷமே அதே மெலமைன் சீனாவில் குழந்தைகளின் பால்பவுடரில் அகப்பட்டது. கலந்தவன் சோதனை முறையை நன்றாகப் படித்தவன். ஒரு படைப்பில் சமூகப் பிரக்ஞை எத்தனை சதம் என்று அளந்து சொல்கிற நம் விமரிசகர்கள், தாங்கள் அளப்பது புரதத்தையா நைட்ரஜனையா என்று ஒரு தடவை யோசிக்கலாம்.

தானியமே இல்லாதது என்று விலை கூட்டி விற்கிற வகை பற்றி அதிகம் சொல்ல இல்லை. 2018 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், பட்டாணியும் பருப்பும் மிகுந்த அத்தகைய உணவுக்கும் நாய்களின் இதயத்தசை நோய்க்கும் தொடர்புண்டா என்று விசாரிக்கத் தொடங்கியது. 2022 டிசம்பரில், காரணம் இதுதான் என்று நிறுவத் தகவல் போதவில்லை என்று சொல்லி, அதுபற்றிப் பொது அறிவிப்புகள் வெளியிடுவதை நிறுத்திக்கொண்டது. கூடுதல் பணம் கொடுக்க எனக்கு அதில் முகாந்திரம் தெரியவில்லை.

கடைசியில் நான் தேடியது ஒரு வாக்கியம். முழுமையான, சமச்சீரான உணவு. வளர்ச்சிப் பருவத்துக்கு உரியது, அல்லது எல்லாப் பருவத்துக்கும் உரியது. 'வளர்ந்த நாய்க்கு' என்றிருந்தால் குட்டிக்கு ஆகாது. குட்டிக்குப் புரதம், ஈரம் நீக்கிய கணக்கில், 22.5 சதமாவது வேண்டும். வளர்ந்த நாய்க்கு 18 போதும். கால்சியம் 1.2க்குக் குறையக்கூடாது, 2.5ஐத் தாண்டக்கூடாது. வளர்ந்தால் முப்பத்திரண்டு கிலோவுக்கு மேல் போகிற பெரிய ஜாதிக் குட்டிக்கு 1.8தான் எல்லை.

"சார், கூட ஒரு கால்சியம் டானிக் போட்டுரட்டுமா? கால் நல்லா ஸ்ட்ராங்கா வரும்" என்றான் கடைப் பையன். மணியை நினைத்து ஒரு கணம் சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் இளங்குட்டியின் குடலுக்குக் கால்சியத்தை வேண்டாம் என்று தள்ளத் தெரியாது. கொடுத்ததில் பெரும்பகுதியை உள்ளே வாங்கிவிடும். ஹாலந்தில் கிரேட் டேன் குட்டிகளுக்கு அளவுக்கு மேல் கொடுத்துப் பார்த்ததில் எலும்பு வளர்ச்சி கெட்டுப்போனது. சரியான தீனியோடு டானிக் சேர்ப்பது இன்னொரு வழியாக அதே வளைந்த காலுக்குப் போவது. வேண்டாம் என்றேன். அவன் என்னைக் கஞ்சனாக எடைபோட்டிருப்பான்.

எவ்வளவு போடுவது என்பதற்குப் பாக்கெட்டில் ஒரு அட்டவணை இருக்கிறது. விற்பவன் சொல்லும் அளவு. 2002இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாக்கி, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதம் குறைவாகவே ஆயுள் முழுக்கக் கொடுத்தார்கள். குறைவாகத் தின்றவை 13 வருஷமும் மற்றவை 11.2 வருஷமும் இருந்தன. நடத்தியது ஒரு நாய்த்தீனிக் கம்பெனியே. நான் புரட்டிப் பார்த்த எந்தப் பாக்கெட்டிலும் அது அச்சாகியிருக்கவில்லை. விலாவில் கையை வைத்தால் அழுத்தாமலே எலும்பு எண்ண வரவேண்டும், ஆனால் துருத்தித் தெரியக்கூடாது — டாக்டர் காட்டிக்கொடுத்தது இதுதான். எங்கள் குட்டிக்கு ஐந்து மாதம், ஆறு கிலோ. கணக்குப்படி ஒரு நாளைக்குச் சுமார் 540 கலோரி, இந்தத் தீனியில் 150 கிராம்.

அப்பா இப்போது எங்களோடு இருக்கிறார். பாக்கெட்டைத் தூக்கிப் பார்த்து, "இந்தக் கொட்டையையா தின்னும்? நாலு வாய் மோர்சாதம் போட்டா போறாதா? மணிக்கு நான் என்ன வாங்கினேன்?" என்றார். பதில் என்னிடம் தயாராக இருந்தது. அரிசி, பாஸ்பரஸ், பொறுக்கி எடுத்த எலும்பு எல்லாம். அவருக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. பத்தில் ஒரு பங்கு கலோரி வேறு உணவாகப் போனால் சமன் கெடாது என்கிறார்கள். ராத்திரி அவர் சாப்பிட்டு முடிக்கிறபோது ஒரு உருண்டை சாதம் பிசைந்து கொடுக்கிறார். குட்டி அவர் விரலையும் சேர்த்து நக்குகிறது. மறுநாள் காலை நான் தராசில் 15 கிராம் குறைத்துப் போடுகிறேன்.