அப்புறம் என்கிற சொல்

எம்.ஏ. தமிழில் தொல்காப்பியத்து வினையெச்சம் படித்தோம். 'செய்து' என்னும் எச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும். செய்கிறவர் ஒருவரே. எங்க நெய்வேலிச் சுரங்கத்தைப் பார்த்தால் இது எளிதாக விளங்கும். நிலத்தடி நீரை இறைத்து, மேல்மண்ணை வெட்டி, அள்ளிக் கொட்டி, பழுப்பு நிலக்கரியை எடுக்கிறார்கள். 1957-ல் தோண்டத் தொடங்கி, 1961-ல் கரியைத் தொட்டார்கள். 'முதலில்', 'பிறகு' எதுவும் தேவைப்படவில்லை. வரிசை எச்சத்துக்குள்ளேயே இருக்கிறது.

செய்கிறவர் மாறினால்தான் சிக்கல். "நீங்க காலி பண்ணி, நாங்க மனை குடுப்போம்" என்று யாரும் பேசுவதில்லை. "நீங்க காலி பண்ணுங்க, அப்புறம் நாங்க மனை குடுப்போம்" என்பார்கள். இரண்டு பேருக்கு நடுவில் 'அப்புறம்' வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்தப் புறம்தான் அப்புறம். இடத்தைச் சொன்ன சொல் காலத்தைச் சொல்கிறது. எவ்வளவு தூரம் என்று மட்டும் சொல்வதில்லை.

இது தமிழில் மட்டும் நடப்பதல்ல. ஸ்பானிய மொழியில் 'பிறகு' என்பதற்கு 'லுவேகோ' என்றொரு சொல். இடத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. பழைய நாளில் அதற்கு 'உடனே' என்று பொருள். போகப்போக 'பிறகு' ஆகிவிட்டது. 'உடனே' என்று சொன்னது 'பிறகு' ஆவது எங்க சனத்துக்குப் புதுசில்லை.

எங்க சேரியில் யார் பேரிலும் பட்டா கிடையாது. அடுத்தவன் நிலத்தில் நட்டு, களை பறித்து, அறுத்த சனம். நிலம் போனால் பட்டாக்காரனுக்கு இழப்பீடு. கூலிக்காரனுக்கு "அப்புறம் பாக்கலாம்." எங்க ஆயா கேட்கும்: "நாத்து நட்டா நூறு நாள்ல அறுப்பு. இந்த அப்புறத்துக்கு நாள் கணக்கு கெடையாதாடா?"

ஆயாவின் கேள்வி இலக்கணக் கேள்வி, அரசியல் கேள்வியும்கூட. 2013-ன் நிலமெடுப்புச் சட்டம் வரிசையைத் திருப்பிப் போட்டது: இழப்பீட்டை முழுதாகக் கொடுத்த பிறகே நிலத்தில் இறங்க வேண்டும். எடுப்பதற்கு மூன்றாண்டு முன்பிருந்தே அங்கே கூலி செய்து பிழைத்த குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான். இங்கே காத்திருக்க வேண்டியவன் எடுக்கிறவன்.

மனு எழுதும் தோழர்களே, 'பிறகு' என்று எழுதினால் பக்கத்திலேயே தேதியும் எழுதுங்கள். 'உடனே' என்று எழுத முடிந்தால் இன்னும் நல்லது. உடன் என்றால் கூட. 'அப்புறம்' நம்மை அந்தப் பக்கம் ஒதுக்குகிறது. அந்தப் பக்கத்தில்தான் காலங்காலமாக நம் சேரி இருக்கிறது.