மறந்த ஒரு தாள்

"கால் காசு உத்தியோகமானாலும் கவர்ன்மெண்ட் உத்தியோகம்" என்பார் என் பாட்டி. அந்தக் கால் காசுக்கு எத்தனை படிகள் ஏற வேண்டும் என்பதை என் அக்காவால் அறிந்தேன்.

2022 ஜூலை 24 அன்று தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய குரூப் 4 தேர்வை அவள் எழுதினாள். 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள். தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு பெறாவிட்டால் மறுபகுதி திருத்தப்படாது. முடிவு வந்தது 2023 மார்ச்சில். அந்த எட்டு மாதமும் எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சும் கடன் பேச்சும் "ரிசல்ட் வரட்டும்" என்றே நின்றன.

தேறிவிட்டாள் என்று அப்பா தெருவெங்கும் மிட்டாய் வழங்கினார். ஆனால் தேர்ச்சி வேறு, வேலை வேறு. சான்றிதழ் சரிபார்ப்பு உண்டு. அதன்பின் தரவரிசைப்படி கலந்தாய்வு உண்டு.

தமிழ் வழியில் பயின்றோர்க்கு 20 விழுக்காடு முன்னுரிமை இருக்கிறது. 2020-இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்ததற்குச் சான்று வேண்டும். அக்கா உயர்நிலைப் பள்ளியின் சான்றை வைத்திருந்தாள். தொடக்கப் பள்ளியில் வாங்க மறந்துவிட்டாள். அந்த முன்னுரிமை போயிற்று. பொதுவரிசையில் அவள் முறை வருமுன்னே இடங்கள் தீர்ந்தன.

"வரிசை ஒழுங்காகத்தான் நகர்ந்தது. நான்தான் ஒரு தாளை மறந்தேன்" என்றாள். சிபாரிசுக்கு ஆளில்லாத நம்மைப் போன்றோர்க்கு அந்த நீண்ட வரிசைதான் காவல் என்று அன்று எனக்குப் புரிந்தது.

நண்பர்களே! சென்ற விடுமுறையில் என் தொடக்கப் பள்ளிக்குப் போய் அந்தத் தாளை வாங்கி வந்தேன். அக்கா மீண்டும் படிக்கிறாள். எங்கள் இருவர் சான்றிதழ்களும் இப்போது ஒரே உறையில் இருக்கின்றன.

– இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவி