பனி பெய்யாத ஊரில் ஒரு பனிக்கோட்டு

சிங்கப்பூருக்குப் போய்வந்தவர்கள் உயரமான கட்டடங்களைப் பற்றியும் பளபளக்கும் கடைகளைப் பற்றியும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நான் சொல்லப்போவது ஒரு பழைய குளிர்கோட்டின் கதை. அதைத் துவைத்துக் காயவைப்பதிலேயே லிட்டில் இந்தியாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கழிந்தது என்றால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுத் தொடர்ந்து படியுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் ஒருநாள் இது பயன்படலாம்.

சென்ற பள்ளி விடுமுறையில் ஜொகூர் பாருவின் லார்க்கின் நிலையத்திலிருந்து 170 எண் பேருந்தில் புறப்பட்டேன். 1924-இல் முறையாகத் திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிக நீளம்தான். ஆனால் விடுமுறைக் கூட்டத்தில் அந்த ஒரு கிலோமீட்டரைக் கடப்பதற்குள் கொண்டுவந்த இட்லி ஆறிப்போய்விட்டது. குவீன் ஸ்திரீட் நிலையத்தில் இறங்கி, கால் மணி நேரம் நடந்தால் லிட்டில் இந்தியா.

நம்மவர்கள் வாயில் அது எப்போதும் ‘தேக்கா’தான். சிறு மூங்கில்களின் அடி என்று பொருள்படும் ஹொக்கியன் சீனச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே மாட்டு வியாபாரம் செழித்தது. அதனால்தான் ‘எருமை’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் பஃபலோ ரோடும் மலாயில் கெர்பாவ் ரோடும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. மாடுகள் போய்விட்டன. மல்லிகைச் சரமும் வீரமாகாளியம்மன் கோயில் மணியோசையும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை என்றால் வேலைக்கு வந்த பிள்ளைகளின் கூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

அந்தக் கூட்டத்தில், தேக்கா சந்தை வாசலில், தம்பி ஒரு பெரிய பையுடன் நின்றுகொண்டிருந்தான்.

அவன் வேலை செய்வது ஒரு குளிர்பதனக் கிடங்கில். தனக்கு வேண்டிய உணவில் 100-க்கு 90 பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்கும் ஊர் சிங்கப்பூர். கப்பலில் வரும் மீனையும் இறைச்சியையும் உறைய வைத்துக் காக்க வேண்டுமானால், சைபருக்குக் கீழே 18 டிகிரியோ அதற்கும் குறைவோ இருக்க வேண்டும். பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரி தூரத்தில், வெளியே சட்டை வியர்வையில் ஒட்டுகிற வெயில். கதவைத் திறந்து உள்ளே போனால் மூச்சு புகையாக வருகிற குளிர்! எங்கள் அம்மாவும் அப்பாவும் விடியற்காலைப் பனியில் பால்மரம் வெட்டியவர்கள். பிள்ளைக்கு நிழலில் வேலை கிடைத்தது என்று மகிழ்ந்தார்கள். அந்த நிழல் இவ்வளவு குளிரும் என்று யாருக்குத் தெரியும்?

கிடங்கில் எல்லாருக்கும் பொதுவான கோட்டுகள் உண்டு. ஒரு வேளைக்காரர் கழற்றியதை அடுத்த வேளைக்காரர் போட வேண்டும். அது பிடிக்காமல் தம்பி தனக்கென்று ஒன்று வாங்கினான். பள்ளி விடுமுறையில் ஜப்பானுக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போய்வந்த ஒரு குடும்பத்தார் விற்ற பழைய கோட்டு அது. விலை 40 வெள்ளி.

நான் செய்த தவறு

போன தீபாவளிக்கு அதை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். கழுத்துப் பட்டையில் அழுக்கு. தம்பி மேல் உள்ள ஆசையில், பள்ளிச் சீருடையைத் துவைப்பது போலத் துவைத்தேன். சவர்க்காரத் தூளை அள்ளிப் போட்டுத் தூரிகையால் தேய்த்தேன். அழுக்குப் போகாத இடத்தில் பிளீச் ஊற்றினேன். வாசனைக்காக சாஃப்ட்னரில் முக்கினேன். பிறகு நானும் பக்கத்து வீட்டு அக்காவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் கயிறு போல முறுக்கிப் பிழிந்தோம். ஒரு பகல் வெயிலில் போட்டதும் மேல்துணி காய்ந்துவிட்டது. மடித்து, பிளாஸ்டிக் பையில் திணித்து, பாச்சை உருண்டை இரண்டைப் போட்டுக் கொடுத்தனுப்பினேன்.

அதன்பின் நடந்ததைத் தம்பி தேக்காவில் தேநீர்க் கடையில் உட்கார்ந்துதான் சொன்னான். கோட்டுக்குள் கட்டி கட்டியாகச் சேர்ந்துவிட்டதாம். கட்டி இல்லாத இடம் வெறும் துணி. அந்த வழியாகக் குளிர் ஊசி போல இறங்கியதாம். ஒருநாள் விரல் மரத்துப்போய், மீன் பெட்டி நழுவிக் காலில் விழுந்து, பெருவிரல் நகம் போய்விட்டது. பிறகு அந்தப் பொதுக்கோட்டையே போட்டுக்கொண்டு நாளை ஓட்டியிருக்கிறான்.

“ஏன்டா எனக்குச் சொல்லவில்லை?” என்றேன்.

“ஆசையாத் துவைச்சீங்க அக்கா. எப்படிச் சொல்றது?” என்றான்.

அந்தத் தேநீர் எனக்கு இறங்கவில்லை. வகுப்பில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெப்பம் கடத்துதல் பற்றிப் பாடம் நடத்துகிறவள் நான்!

கோட்டு எப்படிச் சூடு தருகிறது?

உண்மையில் கோட்டு சூடு தருவதே இல்லை. நம் உடம்பின் சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். பிடித்து வைப்பது துணி அல்ல, துணிக்குள் அசையாமல் நிற்கும் காற்று. தம்பியின் கோட்டுக்குள் இருப்பது வாத்தின் மார்பில், இறகுகளுக்கு அடியில் வளரும் மெல்லிய தூவி. பஞ்சை விட இலேசானது, ஆனால் உப்பி நின்று ஏராளமான காற்றை அடக்கிக்கொள்ளும். நனைந்தால் அது ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். காற்றுப் போனால் கதகதப்பும் போயிற்று.

எங்கள் பாட்டி கம்பளியை வெயிலில் போட்டு, குச்சியால் தட்டி, உதறி எடுப்பார். தூசி போகத்தான் தட்டுகிறார் என்று நினைத்திருந்தேன். அமுங்கிப்போன கம்பளிக்குள் மீண்டும் காற்று புகவும் அதுதான் வழி. பாட்டிக்குத் தெரிந்தது படித்த பேத்திக்குத் தெரியவில்லை.

நல்லவேளையாக, உடன் வேலை செய்யும் சீனப் பெரியவர் ஒருவர், “இது சாகவில்லை, மறுபடி துவைத்துப் பொறுமையாகக் காயவை” என்று தம்பியிடம் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் அந்தப் பெரிய பை.

காசு போட்டுத் துவைக்கும் கடையில்

நம் நாட்டில் ‘டோபி’ என்று பலகை மாட்டியிருக்கும் கடைகளைப் போலத் தேக்காவைச் சுற்றிலும் உண்டு. முதலில் முஸ்தபாவுக்குப் போய், சாதாரண திரவச் சவர்க்காரமும் மூன்று டென்னிஸ் பந்துகளும் வாங்கினோம். பந்து எதற்கு என்று கேட்டேன். “பொறுங்க அக்கா” என்றான்.

கோட்டின் உள்பக்கம் தைத்திருந்த சீட்டை முதலில் பார்த்தோம். தொட்டி படம் என்றால் தண்ணீரில் துவைக்கலாம். அதற்குள் இருக்கும் 30 என்ற எண், தண்ணீரின் சூடு 30 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்று சொல்கிறது. முக்கோணத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் பிளீச் கூடாது. சதுரத்துக்குள் வட்டமும் வட்டத்தில் ஒரு புள்ளியும் இருந்தால், இயந்திரத்தில் குறைந்த சூட்டில் உலர்த்தலாம். பிளீச் கூடாது என்று அந்தச் சீட்டிலேயே இருந்தது. பார்க்காதது என் குற்றம்.

பைகளைக் காலி செய்து, ஜிப்பை மூடி, உள்புறத்தை வெளியே திருப்பிப் போட்டான். முன்பக்கம் கதவுள்ள இயந்திரம்தான் நல்லது. நடுவில் தண்டு சுழலும் இயந்திரம் இழுத்துக் கிழித்துவிடும். சில கடைகளில் இயந்திரமே சாஃப்ட்னரைச் சேர்த்துவிடும்; கேட்டுக்கொண்டு, சேர்க்காத இயந்திரத்தைப் பிடித்தோம். சாஃப்ட்னர் ஒவ்வோர் இழையின் மேலும் ஒரு படலமாகப் படிந்து, தண்ணீர் ஒட்டாத மேல்துணியையும் உப்பி நிற்கும் தூவியையும் கெடுத்துவிடும். சவர்க்காரம் கொஞ்சமே ஊற்றி, துவைத்தபின் வெறும் தண்ணீரில் இன்னொரு முறை அலசினோம்.

ஈரக்கோட்டு கனக்கும். ஒரு கையால் தூக்கினால் உள்தையல் அறுந்துவிடும். குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் ஏந்தி, முறுக்காமல் அழுத்தி நீரை எடுத்தான். பிறகு உலர்த்தும் இயந்திரத்தில், குறைந்த சூட்டில், பந்துகளோடு போட்டான். பந்துகள் துள்ளித் துள்ளித் தட்டும்போது கட்டிகள் உடைந்து தூவி பிரிகிறது. பாட்டியின் குச்சி வேலையைப் பந்து செய்கிறது! ஒரே சுற்றில் காயாது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எடுத்து உதறி, கட்டிகளை விரலால் பிரித்து, மறுபடியும் போட வேண்டும். மேலே காய்ந்து உள்ளே ஈரமிருந்தால் பூஞ்சணம் பிடித்து நாறும்.

தோபி காட்

இரண்டு சுற்றுகளுக்கு நடுவே, “ஓர் இடம் காட்டுகிறேன், வாங்க” என்று இரயிலில் ஏற்றினான். லிட்டில் இந்தியாவுக்கு அடுத்த நிலையமே தோபி காட். 1987-இல் திறந்த நிலையம். 2003-இலும் 2010-இலும் இன்னும் இரண்டு தடங்கள் வந்து சேர, இன்று மூன்று தடங்கள் சந்திக்கும் பெரிய நிலையமாகிவிட்டது.

தோபி என்றால் சலவைத் தொழிலாளி. காட் என்றால் படித்துறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர்கள், இங்கே ஓடிய பிராஸ் பசா ஓடையில் துவைத்தார்கள். இன்று ஒய்.எம்.சி.ஏ. கட்டடம் நிற்கும் இடத்தில் காயவைத்தார்கள். தமிழர்கள் இந்த இடத்தை ‘வண்ணான் தெரு’ என்றார்கள். ஓடை பிறகு ஸ்டாம்ஃபோர்டு கால்வாயாகிவிட்டது. படித்துறையும் கொடியும் போய், பெயர் மட்டும் நிற்கிறது. மலாய் மொழியும் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டதால்தான் நம் பட்டணக் கடைப் பலகைகளில் ‘டோபி’ இருக்கிறது.

வெளிச்சமான அந்த நிலையத்தில் நின்று நினைத்துப் பார்த்தேன். எந்தத் துணிக்கு எந்தத் தண்ணீர், எதை அடிக்கலாம், எதை அலசினால் போதும், எதை நிழலில் போட வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் கைக்குத் தெரிந்திருக்கும். அதைக் கல்வி என்று யாரும் மதிக்கவில்லை. கீழான வேலை என்றுதான் ஒதுக்கினோம். எனக்கு ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறது. ஆனால் ஒரு கோட்டைத் துவைக்கத் தெரியாமல் தம்பியை நடுங்க வைத்தேன்.

எடுத்து வைக்கும் முறை

திரும்பி வந்து இன்னும் இரண்டு சுற்று. கடைசியில் கோட்டு பூரி போல உப்பி வந்தது! பிளீச் பட்ட கழுத்துப் பட்டையின் மஞ்சள் கறை மட்டும் போகவில்லை. அது என் நினைவுக்காக இருக்கட்டும்.

இனி, எடுத்து வைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். இப்படிப்பட்ட கோட்டைப் பிளாஸ்டிக் பையில் அமுக்கி மாதக்கணக்கில் வைக்காதீர்கள். பெரிய பருத்தித் தலையணை உறைக்குள் தளர்வாக வைக்கலாம். அல்லது அகலமான மாட்டியில் தொங்கவிடலாம். நம் ஊரைப் போலவே அங்கேயும் காற்றில் ஈரம் அதிகம். ஆகவே மாதம் ஒருமுறை நிழலில் காற்றாட விடுங்கள். உள்ளே பூச்சுப் பூசிய மழைக்கோட்டுகளும் பனிக்காலணியின் அடிப்பாகமும், உடுத்தாமல் வைத்திருந்தாலும் ஈரக்காற்றிலேயே சில ஆண்டுகளில் பிசுபிசுத்து உரிந்துபோகும். ஒரே ஒரு பயணத்துக்குத்தான் வேண்டும் என்றால் வாங்காதீர்கள். சிங்கப்பூரில் வாடகைக்கே தருகிறார்கள்.

கம்பளியையும் தூவியையும் பூச்சி அரிக்கும்; செயற்கை இழைப் பஞ்சைத் தொடாது. ஆனால் பூச்சிக்குப் பயந்து பாச்சை உருண்டை போடுமுன் ஒன்றை யோசியுங்கள். ‘ஜி-6-பி-டி’ குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகள் நம்மிடையே உண்டு. சிங்கப்பூரில் 1965 முதல் பிறந்த குழந்தைகளுக்கு இதைச் சோதிக்கிறார்கள். நம் மருத்துவமனைகளிலும் சோதிக்கிறார்கள். அக்குழந்தைகளுக்கு நாப்தலின் உருண்டையின் ஆவி பட்டால் இரத்த அணுக்கள் சிதைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரலாம். கைக்குழந்தை உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம். நன்றாகத் துவைத்து, முழுதும் காயவைத்து, மூடி வைத்தாலே பெரும்பாலும் போதும். வியர்வையும் அழுக்கும் உள்ள துணியைத்தான் பூச்சி தேடி வரும்.

மாலையில் பேருந்து ஏறுமுன், வீட்டிலிருந்து கொண்டுவந்த பலகாரத்தைத் தம்பியிடம் கொடுத்தேன். பலகாரம் கட்டியிருந்த பழைய தலையணை உறையை உதறி, அதிலேயே கோட்டைப் போட்டுக்கொண்டான்.

மறுநாள் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது: “இன்னைக்குக் குளிரல அக்கா.”

தோட்டத்துப் பிள்ளைகள் இன்று எங்கெங்கோ வேலைக்குப் போகிறார்கள். நாம் பார்த்திராத உடைகளோடு விடுமுறைக்கு வருகிறார்கள். அன்போடு வாளியில் முக்குமுன், “இதை எப்படித் துவைக்க வேண்டும்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பிள்ளைகளே, நீங்களும் அம்மா மனம் நோகுமே, அக்கா மனம் நோகுமே என்று வாயை மூடிக்கொண்டு நடுங்காதீர்கள். சொல்லுங்கள். கற்றுக்கொள்ள எங்களுக்கு வெட்கமில்லை.