பிரட்டுக்களத்தில் வாங்கும் ஒப்பம்

"களவேலையை டெப்லட்டை வச்சு மூணே நாள்ல முடிச்சிடலாம், சேர்" என்றார் இளம் விரிவுரையாளர் ஒருவர். ஓய்வுபெறப் போகும் களப்பணி ஒருங்கிணைப்பாளனுக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு வலித்தது.

சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் இன்று இரத்தினபுரியிலேயே இருக்கிறது. எலிக்காய்ச்சல், இரத்தசோகை என்று ஆய்வுக்குப் பொருள் தேடி வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் இந்தப் பக்கம் வருகின்றன. வரட்டும், நல்லதுதான். ஆனால் யட்டியாந்தோட்டையில் பால் வெட்டுகிறவர் விடியலிலேயே மரத்தடிக்குப் போய், பாலைக் கொடுத்துவிட்டு மதியத்துக்குப் பிறகு வீட்டில் இருப்பார். பலாங்கொடைப் பக்கம் கொழுந்தெடுக்கும் பெண், மாலை நிறுவை முடியாமல் லயத்துக்குத் திரும்பமாட்டாள். ஆய்வுக்கு வருகிறவர்களோ இரண்டு இடத்துக்கும் ஒரே நேர அட்டவணையோடு வந்து இறங்குகிறார்கள்.

அதைக்கூடத் திருத்திவிடலாம். தீராத சிக்கல் சம்மதம். தோட்டத்துக்குள் போகத் துரையின் அனுமதி வேண்டும். அது கிடைத்ததுமே எல்லாம் கிடைத்துவிட்டதாக நினைக்கிறார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் கங்காணி பெயர் கூப்பிட்டு, "டொக்டர்மார் வந்திருக்காங்க, ஒப்பம் வைங்க" என்றால் யார்தான் வைக்கமாட்டார்கள்? நாளைக்கு வேலை கொடுக்கிறவர் பக்கத்தில் நிற்கிறார். அந்தத் தாளைத்தான் நெறிமுறைக் குழுவுக்கு அத்தாட்சியாக அனுப்புகிறார்கள்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுத்தந்தவர் ஒரு மருத்துவமாது. பிரட்டில் எந்தப் படிவத்தையும் நீட்ட விடமாட்டார். "தம்பி, லயத்துக்கு வாங்க. காம்பராவுக்குள்ள கூப்பிட்டு உக்காரச் சொன்னா அப்புறமா கேளுங்க. 'பாப்போம்'னு சொன்னா விட்டுடுங்க, அது வேணாங்கிறதுதான்." இரத்தம் எடுத்தால், முடிவை வீடு வீடாகத் தானே கொண்டுபோய்ச் சொல்வார், ஹீமோகுளோபின் குறைந்தவள் கிளினிக்குக்கு வரும்வரை விடமாட்டார். அவர் பெயர் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் இல்லை. அவர் தேடிக் கொடுத்த நம்பிக்கையில் பட்டம் வாங்கியவர்கள் பலர்.

1916இல் ரொக்பெல்லர் மன்றம் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோதும் பேச்சு துரைமாரோடுதான். தொழிலாளி மருந்தைக் குடித்தார்; மலசலகூடமில்லாத லயத்துக்கு, அதே மண்ணில் வெறுங்காலோடு திரும்பினார். புழுவும் திரும்பியது. பத்தாண்டு கழித்து, 1926இல், களுத்துறையில் சுகாதாரப் பிரிவு அமைந்து, வீட்டுக்குப் போகும் மருத்துவமாதும் சுகாதாரப் பரிசோதகரும் அதன் முதுகெலும்பானார்கள். பொதுச் சுகாதாரம் படிக்கிற பிள்ளைகள் இதைப் பரீட்சைக்கு எழுதுகிறார்கள். களத்துக்கு வரும்போது மறந்துவிடுகிறார்கள்.

இப்போது வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு செய்யும் ஒரு புதிய ஆய்வு உடன்படிக்கையின் வரைவு என் கருத்துக்கு வந்திருக்கிறது. விமானச் சீட்டுக்கும் மாணவர் பரிமாற்றத்துக்கும் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். சோதனை முடிவுகளை லயத்துக்குக் கொண்டுபோக ஒரு சதமும் இல்லை. அதைச் சேர்க்கும்படி எழுதி அனுப்பிவிட்டேன். சேர்க்காவிட்டால், எனக்குத் தெரிந்த எந்தத் தோட்டத் தலைவரிடமும் இந்த ஆய்வுக் குழுவுக்காக நான் பேசப்போவதில்லை.