முன்பின் தெரியாதவரின் காகிதங்கள்

என்னிடம் ஒருவரின் காகிதங்கள் இருக்கின்றன. அவர் எனக்கு உறவுமில்லை, சிநேகிதருமில்லை. நான் பிறப்பதற்குப் பல வருடங்கள் முன்பே இறந்துபோன ஜெர்மன்காரர். இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் விமானப்படையில், ஹைங்கெல் 111 என்ற குண்டுவீச்சு விமானத்தில் ரேடியோ ஆபரேட்டர். ராணுவப் பதிவுப் புத்தகம் ஒன்று, பறந்த நேரங்களைக் குறித்துவைத்த நோட்டு ஒன்று, விருதுச் சான்றிதழ்கள் மூன்று, புகைப்படங்கள் 41. எல்லாம் ஒரு ஷூ பெட்டிக்குள் அடங்கிவிடும். சேர்க்க எனக்கு ஆறு வருடம் பிடித்தது.

இதைக் கேள்விப்படுகிறவர்களின் முகம் போகும் போக்கை நான் அறிவேன். தபால்தலை சேர்க்கலாம், பழைய நாணயம் சேர்க்கலாம். நாஜிப் படைக்காரன் ஒருவனின் படங்களை எதற்காக ஓர் இந்தியன் காசு கொடுத்து வாங்க வேண்டும்? நியாயமான சந்தேகம்தான். இந்தப் பொருட்களைத் தேடி வருகிறவர்களில் சிலர் எந்த ரகம் என்பது, அந்தச் சீருடைகளைப் பற்றி அவர்கள் பேசும் தொனியிலேயே தெரிந்துவிடும். அவர்களோடு என்னையும் சேர்த்து எண்ணிவிடுவார்களோ என்ற கூச்சம் எனக்கு இன்னும் போகவில்லை.

பெர்லினில் வேலை பார்த்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பழம்பொருள் சந்தைக்குப் போவேன். ஒருநாள் ஒரு வியாபாரி ஒரு குடும்ப ஆல்பத்திலிருந்து படங்களைப் பிய்த்துக்கொண்டிருந்தார். கணக்கு எளிது. முழு ஆல்பத்துக்கு ஒரே விலை. பிரித்தால் விமானம் தெரியும் படத்துக்கு ஒரு விலை, டாங்கி தெரிந்தால் இன்னொரு விலை. அம்மாவும் தங்கையும் தோட்டத்தில் நிற்கும் படத்தை யாரும் சீண்டுவதில்லை. அது மேசைக்குக் கீழே இருக்கும் அட்டைப் பெட்டிக்குப் போய்விடும். விமானத்தின் முன்னால் சிரித்துக்கொண்டு நின்ற இளைஞனை ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். அதே இளைஞன், அரைக்கால் சட்டையோடு அம்மாவின் பக்கத்தில் நின்றபடி, அட்டைப் பெட்டியில் கிடந்தான். பெட்டியில் இருந்தவற்றையும், கூடவே கிடந்த பறப்பு நோட்டையும் நான் வாங்கினேன். ஒரு மனிதரைக் கூறுபோட்டு விற்கிறார்களே என்ற எரிச்சலைத் தவிர அன்று எனக்கு வேறு காரணம் இருக்கவில்லை.

மற்றவை வேறு வியாபாரிகளிடமும் ஏலங்களிலும் ஒன்றிரண்டாகத் தட்டுப்பட்டன. படங்களின் பின்பக்கம்தான் துப்பு. ஆல்பத்தின் கறுப்புத் தாள் பிசிறு ஒட்டியிருக்கும். அக்ஃபா நிறுவனத்தின் முத்திரை இருக்கும். பென்சிலில் தேதியும் ஊரும் இருக்கும். எழுத்து பழைய ஜெர்மன் கையெழுத்து. 1941-ல் ஹிட்லர் அரசே பள்ளிகளில் அதைக் கற்றுத்தருவதை நிறுத்திவிட்டதால், இன்றைய ஜெர்மானியர் பலருக்கே தன் பாட்டியின் கடிதத்தைப் படிக்க வராது. என் மாடிக்குக் கீழே குடியிருந்த ஒரு மூதாட்டி எனக்கு எழுத்துக் கூட்டிச் சொல்லித்தந்தார். 'எஸ்'ஸையும் 'ஹெச்'சையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்கவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

போலிகளும் ஏராளம். விருதுச் சான்றிதழுக்கு நல்ல விலை கிடைப்பதால் அச்சடித்தே விற்கிறார்கள். கள்ள நோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கு ஒன்றை எப்போதும் பையில் வைத்திருப்பேன். போருக்குப் பிந்தைய காகிதங்களில் வெண்மை கூட்டச் சேர்க்கும் ரசாயனம் அதில் நீலமாய் ஒளிரும். அந்தக் காலத்துக் காகிதம் மங்கிக் கிடக்கும். 1983-ல் 'ஸ்டெர்ன்' வார இதழ் 93 லட்சம் மார்க் கொடுத்து வாங்கிய ஹிட்லரின் டைரிகளை, அவை கோன்ராட் கூயாவ் என்பவரின் கைவண்ணம் என்று மாட்டிவிட்டதில் இந்த ரசாயனத்துக்கும் பங்குண்டு. இன்னொரு விசித்திரம், ஸ்வஸ்திகா. ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவு அதைப் பகிரங்கமாகக் காட்டுவதைத் தடுக்கிறது. ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் விலக்கு உண்டு. ஆகவே வியாபாரிகள் பதிவுப் புத்தக அட்டையில் அந்தச் சின்னத்தின் மேல் விலைச் சீட்டை ஒட்டிவிடுகிறார்கள்! வாங்கி வீட்டுக்கு வந்து அதைப் பிரிக்கும்போது ஒவ்வொரு முறையும் மனசுக்குள் ஏதோ செய்யும்.

'வேர்பாஸ்' எனப்படும் அந்தப் பதிவுப் புத்தகம் சிப்பாயின் கையில் இருக்காது. பயிற்சி, இடமாற்றம், பதவி உயர்வு எல்லாம் எழுதி அலுவலகத்தில் வைத்திருப்பார்கள். பணியிலிருந்து விடுவித்தால் அவரிடம் தருவார்கள். இறந்தால் குடும்பத்துக்கு அனுப்புவார்கள். இவருடையது அம்மாவுக்குப் போயிருக்கிறது. சம்பளப் புத்தகம் என்னிடம் இல்லை. அது சிப்பாயின் சட்டைப் பையிலேயே இருக்க வேண்டியது; அவரோடேயே போயிருக்கும்.

எல்லாவற்றிலும் கனமானது பறப்பு நோட்டுதான். விமானம், நோக்கம், கிளம்பிய இடம், நேரம், இறங்கிய இடம், நேரம், பறந்த நிமிடங்கள் என்று கட்டம் கட்டமாக அச்சடித்திருக்கும். முதல் பக்கங்கள் முழுக்கப் பயிற்சி. பிறகு நோக்கம் என்ற கட்டத்தில் 'ஃபைண்ட்ஃப்ளூக்' என்ற ஒரே வார்த்தை வரிசையாக வருகிறது. எதிரியை நோக்கிப் பறத்தல். எந்த ஊர் என்று எழுதவில்லை. இப்படிப்பட்ட 60 பறத்தல்களுக்கு வெள்ளிப் பதக்கம். அந்தச் சான்றிதழும் என்னிடம் இருக்கிறது.

1940 நவம்பர் 14-ம் தேதிக்கு நேரே ஒரு வரி. பிரான்ஸின் வடக்கே ஒரு தளத்திலிருந்து இரவு 9.10-க்குக் கிளம்பி, 1.05-க்குத் திரும்பியிருக்கிறார்கள். அன்றிரவு அவருடைய படைப்பிரிவு எங்கே போனது என்பது சரித்திரப் புத்தகங்களில் இருக்கிறது. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரம். சுமார் 500 விமானங்கள் முறைவைத்துப் போய்க் குண்டு போட்டன. 568 பேர் செத்தார்கள். 4,300-க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. செயின்ட் மைக்கேல் தேவாலயம் எரிந்து வெளிச்சுவர்களும் கோபுரமும் மிஞ்சின. நோட்டில் அதற்கு ஒரு வார்த்தை, நான்கு எண்கள். அடுத்த வரி இரண்டு நாள் கழித்து: பட்டறையில் பழுதுபார்த்த விமானத்தின் வெள்ளோட்டம், 15 நிமிடம். இரண்டு வரிகளிலும் கையெழுத்து ஒரே சீராக இருக்கிறது. கை நடுங்கியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நம்முடைய ஆசை, அவ்வளவுதான்.

1942 நவம்பர் கடைசியில் அந்த வார்த்தை மாறுகிறது. இப்போது நோக்கம், சரக்கு கொண்டுபோதல். ஸ்டாலின்கிராடில் சோவியத் படைகள் சுற்றிவளைத்த ஜெர்மன் ராணுவத்துக்கு ஆகாய மார்க்கமாகவே எல்லாம் தருவதாக கோரிங் ஹிட்லரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். நாளொன்றுக்கு 300 டன்னாவது வேண்டும். போனது சராசரியாக 100 டன்னைச் சற்றே தாண்டியது. குண்டுவீச்சு விமானங்களில் ரொட்டியும் பெட்ரோலும் ஏற்றினார்கள். திரும்பும்போது காயம்பட்டவர்களை ஏற்றினார்கள். நோட்டின் கடைசி வரி 1943 ஜனவரி தொடக்கத்தில், வேறொருவர் கையெழுத்தில். கிளம்பிய இடம் நோவோசெர்காஸ்க். இறங்கிய இடமும் நேரமும் எழுதப்படவில்லை.

விமானப்படைக்காரர்களின் காகிதம் என்றால் எனக்கு யோசெஃப் பாய்ஸ் ஞாபகம் வரும். கொழுப்பையும் ஃபெல்ட் துணியையும் வைத்துச் சிற்பம் செய்து உலகப் புகழ் பெற்ற ஜெர்மன் கலைஞர். அவரும் போரில் ரேடியோ ஆபரேட்டர்தான். 1944 மார்ச் 16-ல் கிரைமியாவில் அவருடைய ஸ்டூகா விமானம் விழுந்தது, ஓட்டியவர் இறந்தார். டாடார் நாடோடிகள் தன்னைப் பனியிலிருந்து எடுத்து, கொழுப்பைப் பூசி, ஃபெல்ட்டில் சுற்றிப் பல நாட்கள் காப்பாற்றினார்கள் என்று பாய்ஸ் பின்னாளில் சொன்னார். அருமையான கதை. ஆனால் ராணுவ மருத்துவமனைப் பதிவேட்டின்படி அவர் மறுநாளே அங்கே சேர்க்கப்பட்டிருக்கிறார். 1986-ல் இறக்கும்வரை கதை அவரோடு ஒட்டிக்கொண்டே இருந்தது. நான் அவரைப் பொய்யர் என்று சொல்லமாட்டேன். போருக்குப் போய்வந்தவனுக்கு ஏதாவது ஒரு கதை தேவைப்பட்டிருக்கும். போகாத குடும்பத்துக்கும் தேவைப்படும்.

இது எனக்கு நேரடியாகவே புரிந்தது. பதிவுப் புத்தகத்தில் அம்மாவின் விலாசம் இருந்தது. அந்தக் கிராமத்து தேவாலய அலுவலகத்துக்கு எழுதியதில், அவருடைய தங்கையின் மகள் உயிரோடு இருப்பது தெரிந்தது. எழுபதைத் தாண்டிய பெண்மணி. தங்கை இறந்ததும் வீட்டைக் காலி செய்ய வந்தவர்கள் அலமாரியோடு ஆல்பத்தையும் அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவருக்கு அது தெரியாது. நீண்ட கடிதம் எழுதினார். தன் மாமா பட்டினியில் கிடந்தவர்களுக்கு ரொட்டி கொண்டுபோய் உயிரை விட்டவர் என்று அம்மா சொல்லுவாராம். 'அதற்கு முன்னால் அவர் என்ன செய்தார் என்று அம்மாவிடம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். உங்களுக்குத் தெரியுமா?' என்று கேட்டிருந்தார்.

நான்கு நாட்கள் நான் பதில் எழுதவில்லை. ரொட்டி கொண்டுபோனது பொய்யில்லை. படையெடுத்துப் போன ராணுவத்துக்கான ரொட்டி என்றாலும், காயம்பட்டவனைத் தூக்கிவந்ததும் உண்மை. அதோடு நிறுத்திக்கொள்ளலாம். முன்பின் தெரியாத ஒரு வயதான பெண்ணுக்கு, அவர் வீட்டுச் சங்கதியை எங்கிருந்தோ வந்த நான் ஏன் சொல்ல வேண்டும்? ஆனால் அவர் கேட்டிருந்தார். அம்மாவிடம் கேட்டுக் கிடைக்காததைத்தான் என்னிடம் கேட்டிருந்தார். நவம்பர் 14-ம் தேதி வரியை உள்ளபடியே எழுதினேன். காகிதங்கள் அத்தனையையும் அனுப்பிவைப்பதாகவும் எழுதினேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. காகிதங்கள் வேண்டாம், தனக்குப் பிறகு யாருமில்லை, மறுபடியும் வீட்டைக் காலி செய்கிறவர்கள் கைக்குத்தான் போகும் என்றார். ஃப்ரைபுர்க் நகரிலிருக்கும் மத்திய அரசின் ராணுவ ஆவணக் காப்பகத்தில், ஒன்றைக்கூடப் பிரிக்காமல் சேர்க்கச் சொன்னார். விமானப்படையின் ஆவணங்களில் பெரும்பகுதியைப் போர் முடியும் தறுவாயில் அவர்களே எரித்துவிட்டதால், இந்த மாதிரித் தனியார் காகிதங்களுக்கு அங்கே மதிப்புண்டு. பெட்டியில் எண் போட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மாவும் தங்கையும் தோட்டத்தில் நிற்கும் படத்துக்கு எண் 7.

தனக்கென்று அவர் கேட்டது ஒன்றுதான்: அந்த நவம்பர் பக்கத்தின் நகல். பதிவுத் தபாலில் அனுப்பினேன்.