ஏரி கோடி போகும் திசை

திருப்பதியில் மனையை அங்கணக் கணக்கில் விற்பார்கள். அங்கே ஒரு அங்கணம் 36 சதுர அடி. நெல்லூர்ப் பக்கம் அதே அங்கணம் 72 சதுர அடி. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது நெல்லூரிலிருந்து சூலூர்பேட்டை, நாயுடுபேட்டை பகுதிகள் இதோடு சேர்ந்தன; இரண்டு அங்கணமும் ஒரே மாவட்டத்துக்குள் வந்துவிட்டன. நகரி, சத்தியவேடு பக்கத்துத் தமிழர்கள் இரண்டையும் விட்டுவிட்டு சென்ட்டில் பேசுவார்கள். இந்த மூன்று கணக்கையும் மனதில் மாற்றிப் போட்டுக்கொண்டேதான் நகர ஊரமைப்பில் என் வேலைக் காலம் ஓடியது. மனைப்பிரிவு, அதாவது ஊரார் வாயில் 'வெஞ்சர்', மலையடிவார ரிசார்ட், ஃபார்ம் ஹவுஸ் என்று வருகிற விண்ணப்பங்களைப் பார்த்து, கொடுக்கலாமா கூடாதா என்று எழுதுகிற வேலை.

விண்ணப்பம் இப்போது கணினி வழியாக வருகிறது. சர்வே நம்பர், பட்டாதார் பாஸ்புக், வரைபடம். வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டு நிலத்தின் எல்லையைக் காட்டியிருப்பார்கள். கோட்டுக்குள் இருப்பதை மென்பொருளே சரிபார்த்துவிடும்: சாலை அகலம் எவ்வளவு, திறந்தவெளி 10 சதவீதம் இருக்கிறதா, மனை அளவு குறைகிறதா. குறை இருந்தால் 'ஷார்ட்ஃபால்' என்று கோப்பு திரும்பிப் போகும். அதில் என்னைப் போன்ற ஆளுக்குப் பெரிய வேலை கிடையாது. கோட்டுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதற்குத்தான் ஆள் தேவை. மேலேயிருந்து எந்த நீர் இந்த நிலத்துக்குள் வருகிறது, கீழே யார் வயலுக்குப் போகிறது? என் அனுபவத்தில் ஒரு விண்ணப்பத்தின் தலையெழுத்து பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் இருந்தது.

இந்த ஊர்கள் ஏரிகளால் பிழைத்தவை. ஒரு ஏரி நிரம்பிக் கோடி போனால் அந்த நீர் அடுத்த ஏரிக்குப் போகும், அதன் கோடி அதற்கடுத்ததற்கு. சங்கிலி போன்ற இந்த வரிசையில் ஒரு கால்வாய் அடைபட்டால் கீழ் ஏரி காயும், மேல் ஏரியின் கரை உடையும். புலப்படத்தில், அதாவது எஃப்.எம்.பி.யில், அந்தக் கால்வாய் மெல்லிய இரட்டைக் கோடாக இருக்கும். நிலத்தில் போய்ப் பார்த்தால் உழுது நிரவியிருப்பார்கள். சித்திரை வெயிலில் போகிறவனுக்கு அங்கே கால்வாய் இருந்த சுவடே தெரியாது. விண்ணப்பதாரர்கள் அந்த மாதங்களில் களப்பார்வைக்கு அழைக்க ஆர்வம் காட்டுவதில் ஆச்சரியமில்லை.

மழைக்காலம் வரை காத்திருக்கக் கோப்பு விடாது. அதனால் காய்ந்த நிலத்தில் நீரைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. நான் முதலில் பார்ப்பது பக்கத்துத் தார்ச்சாலையின் சிறுபாலங்களை. சும்மா கிடக்கிற இடத்தில் எந்த அரசும் சிறுபாலம் கட்டிச் செலவழிக்காது. சிறுபாலம் இருக்கிறது, அதன் வாய் நேராக மனைப்பிரிவைப் பார்க்கிறது, ஆனால் வரைபடத்தில் கால்வாய் இல்லை என்றால் அந்த வரைபடத்தை நம்ப மாட்டேன். அடுத்து மரங்கள். மேட்டுக்காட்டு நடுவே புங்க மரமும் நாணலும் ஒரே வரிசையில் நின்றால் அங்கே நீர் நடந்திருக்கிறது. கடைசியாக, நீர்கட்டி. ஏரி மதகைத் திறந்து மூடி, வயல்களுக்கு முறை வைத்த குடும்பத்து ஆள் பல ஊர்களில் இன்னும் இருக்கிறார். நகரிப் பக்கம் அப்படி ஒரு பெரியவரிடம், "இங்கே கால்வாய் ஏதாவது இருந்துச்சா பெரியவரே?" என்று கேட்டேன். "இருந்துச்சாவா? கார்த்தி மாசம் வாங்க சார். உங்க ஜீப்பையே இழுத்துக்கினு போவும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைக் கோப்பில் எப்படி எழுதுவது என்பது வேறு சிக்கல். கேள்விப்பட்டதை எழுத முடியாது. அவர் காட்டிய இடத்தைப் புலப்படத்தோடும் கிராம வரைபடத்தோடும் ஒத்துப் பார்த்து, அளந்து எழுத வேண்டும்.

விதிகளில் தூரம் தெளிவாகவே இருக்கிறது. ஆந்திரத்தின் 2017-ஆம் ஆண்டு கட்டட விதிகளின்படி 10 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள ஏரிக்கு 30 மீட்டர், அதற்குக் குறைந்த குட்டைக்கு 9 மீட்டர் தள்ளித்தான் கட்டலாம். எங்கிருந்து தள்ளி என்பதுதான் கேள்வி. முழு நீர்மட்டக் கோட்டிலிருந்து என்கிறது விதி. வறண்ட ஏரியில் அந்தக் கோடு எங்கே? விண்ணப்பதாரரின் ஆள் ஏரிக்குள் வெகுதூரம் இறங்கி நின்று, "இதோ இதுதான் சார் கரை" என்பார். வாதாடிப் பயனில்லை. ஏரியின் உபரி நீர் வழிகிற கலங்கலுக்குப் போய் அதன் மேல்மட்டத்தில் அளவுகோலை நிறுத்தி, லெவல் கருவியால் அங்கிருந்து மனை நிலம் வரை மட்டம் பிடித்தால் போதும். கலங்கல் மட்டத்துக்குக் கீழே இருக்கிற நிலமெல்லாம் ஏரி நிரம்பும் நாளில் நீருக்குள் இருக்கும். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. ஏரிக்குள் பயிர் வைத்தவர்கள் நீர் தேங்காதிருக்கக் கலங்கலையே கொத்திக் குறைத்திருப்பார்கள். ஆகவே கலங்கல் கட்டுமானத்தின் ஓரத்துப் பழைய காரைத் தடத்தைத் தேடி அதிலிருந்து மட்டம் பிடிக்க வேண்டும்.

2021 நவம்பரில் இதையெல்லாம் நீரே வந்து அளந்து காட்டியது. திருப்பதி நகரம் மூழ்கியது. திருச்சானூர்ப் பக்கம் ஸ்வர்ணமுகிக் கரையில் வீடு ஒன்று அப்படியே ஆற்றில் சரிகிற காணொளி நாடெங்கும் ஓடியது. ராமச்சந்திராபுரம் மண்டலத்து ராயலசெருவு, விஜயநகரக் காலத்தது என்று ஊரார் சொல்லும் பெரிய ஏரி. அதன் கரை கசியத் தொடங்கியதும் கீழிருந்த கிராமங்களை இரவோடிரவாகக் காலி செய்தார்கள். கரை தப்பியது. அதற்குப் பிறகு கொஞ்ச காலம் என் கேள்விகளுக்கு மரியாதை கூடியிருந்தது. அடுத்த கோடையில் மறந்துவிட்டார்கள்.

வருவாய்த் துறைச் சிக்கல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவை கடினமாகத் தோன்றினாலும் பதில் பெரும்பாலும் காகிதத்திலேயே இருக்கும். சர்வே நம்பர் 22ஏ பத்திரப்பதிவுத் தடைப் பட்டியலில் இருக்கிறதா, ஏழைகளுக்கு அரசு கொடுத்த டி.கே.டி. பட்டாவா, அதைக் கைமாற்றத் தடை செய்யும் 1977-ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நிற்கிறதா, மட நிலமா, ஜமீன் நிலமா என்று பார்த்தால் போதும். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. என் காலத்தில் விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற வருவாய்க் கோட்ட அதிகாரி கொடுத்த 'நாலா' உத்தரவு மனைப்பிரிவுக்கான அனுமதி ஆகாது. அதையே கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி மனை விற்றவர்கள் உண்டு. நம்பி வாங்கியவர்களில் சென்னைக்காரர்கள் நிறைய.

நிலத்தை விற்கிற விவசாயியைக் குற்றவாளியாகப் பார்க்கிற வழக்கம் எங்கள் ஆட்களிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த மாவட்டத்து மாந்தோப்புகளில் பெரும்பங்கு தோத்தாபுரி, நம் பக்கத்தில் பெங்களூரா என்போமே, கூழ் ஆலைகளை நம்பிய காய். 2025-இல் விலை சரிந்து, தோட்டத்திலேயே காயைக் கொட்டினார்கள். அரசு கிலோவுக்கு 4 ரூபாய் தன் பங்காகக் கொடுக்க வேண்டி வந்தது. அந்த நிலையில் ஏக்கருக்கு நல்ல விலை சொல்லி ஒருவர் வந்தால் யார்தான் தோப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருப்பார்? அவருக்கு விற்கும் உரிமை உண்டு. அவருடைய தோப்புக்குள் ஓடிய கால்வாயையும் சேர்த்து விற்கும் உரிமை கிடையாது. என் வேலை அந்த இரண்டையும் பிரித்துக் கொடுப்பது.

அதனால் நான் நிராகரித்தவை குறைவு. நிபந்தனை போட்டுக் கொடுத்தவையே அதிகம். நிபந்தனை எழுதுவதுதான் இந்தத் தொழிலின் கைத்திறன் என்பேன். 'போதுமான வடிகால் வசதி செய்து தரப்பட வேண்டும்' என்று ஒரு வரி எல்லா உத்தரவிலும் இருக்கும். அந்த வரியை யாராலும் மீற முடியாது, யாராலும் நிறைவேற்றவும் முடியாது. அதற்குப் பதிலாக இப்படி எழுதுவேன்: கிழக்கு எல்லையில் உள்ள வரத்துக்கால்வாய், புலப்படத்தில் காட்டிய அகலம் குறையாமல், இரு கரையிலும் எல்லைக்கல் நட்டு, மூடப்படாமல் விடப்பட வேண்டும், உள்சாலை அதைக் கடக்கிற இடத்தில் கட்டும் சிறுபாலத்தின் கண், பக்கத்துத் தார்ச்சாலைச் சிறுபாலத்தின் கண்ணைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. இதைச் சரிபார்க்க இன்ஜினியர் வேண்டாம். மாடு மேய்க்கப் போகிற பையன் இரண்டு பாலத்தையும் பார்த்துவிட்டு வந்து சொல்லிவிடுவான்.

நிபந்தனைக்குப் பல் வேண்டும். மனைகளின் பரப்பில் 15 சதவீதத்தை அனுமதி தருகிற அமைப்புக்கு அடமானமாக எழுதித் தர வேண்டும். சாலை, வடிகால், பூங்கா எல்லாம் முடிந்த பிறகே அது விடுவிக்கப்படும். அந்த 15 சதவீதமாக எந்த மனைகளைக் கொடுக்கிறார்கள் என்பதை யாரும் கவனிப்பதில்லை. பெரும்பாலும் பள்ளத்து மனை, தெருக்குத்து மனை, உயரழுத்த மின்கம்பிக்குப் பக்கத்து மனை, எப்படியும் விற்காதவை. அடமானத்திலேயே கிடந்தாலும் மனை போட்டவருக்கு நஷ்டமில்லை, வடிகாலும் வராது. நான் பிரதான சாலையை ஒட்டிய கிழக்குப் பார்த்த மனைகளைக் கேட்பேன். முகம் சுருங்கும், சிபாரிசு வரும். ஆனால் அந்த மனைகள் மாட்டிக்கொண்டால் கால்வாய்க் கல் தானாக நடப்படும். இதே கண்ணோடு திறந்தவெளியையும் பார்க்க வேண்டும். ஏரியோரம் விட வேண்டிய இடத்தைத் திறந்தவெளிக் கணக்கில் காட்ட விதியில் இடமிருக்கிறது. சில இடங்களில் அது நல்லதே, பூங்காவும் கரையும் சேர்ந்து ஊருக்குக் காற்றோட்டமாக இருக்கும். குழந்தை விளையாட வேறு இடமே இல்லாத மனைப்பிரிவில் அதை ஒப்புக்கொள்ளத் தயங்குவேன்.

சுற்றுலா விண்ணப்பங்கள் வேறு ஜாதி. சென்னையிலிருந்து சனி ஞாயிறு வருகிற கூட்டம் நாகலாபுரம், உப்பலமடுகு, கைலாசகோனா என்று அருவிகளைத் தேடி வருகிறது. மாநிலத்தின் 2024-29 சுற்றுலாக் கொள்கை சுற்றுலாவுக்குத் தொழில் அந்தஸ்து கொடுத்த பிறகு ஆசை கூடிவிட்டது. மிகப் பெரியவை எங்கள் மேஜையில் முடிவாவதில்லை; அலிபிரி அருகே நட்சத்திர விடுதிக்கான 35.32 ஏக்கர் அனுமதியை 2025 மார்ச்சில் முதலமைச்சரே ரத்து செய்தார். எங்களிடம் வருவது ஃபார்ம் ஹவுஸ் என்ற பெயரில். வரைபடத்தில் ஒரு வீடு, ஆனால் எட்டுக் கழிவறை, ஒரு நீச்சல் குளம். தோட்டக்காரருக்கு எதற்கு எட்டுக் கழிவறை என்று கேட்டால், "சொந்தக்காரங்க நிறைய சார்" என்பார்கள். நான் சண்டை போடுவதில்லை; விடுதி என்றே விண்ணப்பிக்கச் சொல்லித் திருப்பி அனுப்புவேன். விடுதி என்றால் சனிக்கிழமை இரவின் ஆள் எண்ணிக்கைக்குக் கழிவுநீர்த் தொட்டி கேட்கலாம், 2002-ஆம் ஆண்டின் வால்டா எனும் நீர், நிலம், மரங்கள் சட்டப்படி ஆழ்துளைக் கிணற்றுக்குப் பதிவு கேட்கலாம். பலமனேரிப் பக்கமானால் மதில் சுவரையும் பார்க்க வேண்டும். அங்கே 1980-களில் தமிழக, கர்நாடகக் காடுகளிலிருந்து யானைகள் வந்து தங்கி, 1990-இல் கௌண்டின்யா சரணாலயம் அமைந்தது. காட்டோரம் நீளமாக ஒரு மதில் எழுப்பினால் யானை பக்கத்து ஏழையின் கரும்பில் இறங்கும்.

நல்ல உதாரணமும் பக்கத்திலேயே உண்டு. தலகோனா அருவியில் தங்குமிடத்தையும் வழிகாட்டலையும் நெரபைலு ஊரின் வன சம்ரக்ஷண சமிதி, அதாவது வனப் பாதுகாப்புக் குழு, நடத்தியது. வருமானம் ஊருக்குள் சுழன்றால் ஓடையில் பாட்டில் கிடப்பதை ஊரே பார்த்துக்கொள்ளும். வெளியாள் விடுதிக்கு எத்தனை நிபந்தனை எழுதினாலும் அந்தக் கண்காணிப்பு வராது.

இங்கிலாந்தில் ஒரு கட்டட விண்ணப்பம் வந்தால் அக்கம்பக்கத்தார் கருத்துச் சொல்ல 21 நாள் தருகிறார்கள். இங்கே மாஸ்டர் பிளானில் நிலப் பயன்பாட்டை மாற்றும்போது ஆட்சேபணை கேட்டு அறிவிப்பு வரும். தனி மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்போது கீழ் வயல்காரரைக் கேட்கக் கட்டாயமில்லை. நான் கேட்டேன். களப்பார்வைக்குப் போகும் முன் பஞ்சாயத்துச் செயலாளரிடம் சொல்லி, கீழ் ஆயக்கட்டுக்காரர்களை வரச் சொல்வேன். வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பழைய பகை இருக்கும், அதைச் சலித்து எடுக்க வேண்டும். மீதிப் பாதி சொல்கிற தகவல் எந்த மென்பொருளிலும் கிடைக்காது.

எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தவன் ஏமாளியாகிவிடுகிற இடமும் உண்டு: வரன்முறைத் திட்டம். 2020-இல் வந்தது, 2025-இல் மறுபடி வந்தது. அனுமதியில்லாமல் மனை போட்டவர்கள் கட்டணம் கட்டிச் சரி செய்துகொள்ள அது வழி தந்தது. திறந்தவெளி விடாததற்கு மனை மதிப்பில் 14 சதவீதம். வாங்கிவிட்ட ஏழைக்கு வேறு வழியில்லை என்பதால் முழுக்க எதிர்க்க என்னால் முடியவில்லை. ஆனால் பணத்தைக் கட்டினால் பூங்கா முளைத்துவிடுவதில்லை. ஏரிக்குள்ளும் ஓடைக்குள்ளும் போட்ட மனைகளை அந்தத் திட்டத்தில் சேர்க்க முடியாது என்பதே என்னுடைய பழைய புலப்படங்களுக்குக் கிடைத்த மரியாதை.

இன்னும் தீராத ஒன்று எல்லைப்புறத்தில் இருக்கிறது. 1960 ஏப்ரலில் திருத்தணி தமிழ்நாட்டுக்கும் சத்தியவேடு ஆந்திரத்துக்கும் பிரிந்தன. ஆறுகள் பிரியவில்லை. ஆரணியாறு பிச்சாட்டூர் அணை தாண்டி ஊத்துக்கோட்டைக்குப் போகிறது. கார்வேட்டிநகரம் அருகே கிருஷ்ணாபுரம் அணையில் திறந்த நீரும் நகரி ஆறும் கொசஸ்தலை வழியாகப் பூண்டிக்குப் போகின்றன. அணை திறக்கும்போது திருவள்ளூர் மாவட்டத்துக்கு எச்சரிக்கை அனுப்புகிறார்கள். அதே அணைகளுக்கு மேலே, நீர்ப்பிடிப்பில், ஒரு பெரிய மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும்போது அனுப்புவதில்லை. எங்கள் உத்தரவுகளின் அடியில் நகல் பெறுவோர் பட்டியல் ஒன்று உண்டு: பஞ்சாயத்து, தாசில்தார், சார்பதிவாளர், நீர்ப்பாசனத் துறை. ஊத்துக்கோட்டையையும் பூண்டியையும் அதில் சேர்க்க எந்த விதியும் சொல்லவில்லை. சேர்க்கக் கூடாது என்றும் சொல்லவில்லை.